மேடைப் பேச்சும் கடைக் கதவும்

2008-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் ஓஷன்சைட் நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குள் நெடுஞ்சாலைக் காவலர்கள் வகுப்பு வகுப்பாக நுழைந்தார்கள். உங்களோடு படித்த இன்னார் வார இறுதியில் கார் விபத்தில் இறந்துவிட்டார் என்று அறிவித்தார்கள். பிள்ளைகள் தேம்பி அழுதார்கள். சில மணி நேரம் கழித்துத்தான் யாரும் சாகவில்லை என்ற உண்மை சொல்லப்பட்டது. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்பதை மனத்தில் பதிய வைக்கப் பள்ளியே சம்மதித்து நடத்திய நாடகம் அது. மாணவர்கள் கொதித்துப் போனார்கள். பள்ளித் தரப்போ, அவர்கள் அதிர வேண்டும் என்றுதானே செய்தோம் என்றது.

இது ஒரு பள்ளியின் தனிக் கிறுக்கு அல்ல. ‘பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர்’ என்ற பெயரில் 1990-கள் முதல் அமெரிக்கப் பள்ளிகளில் நடந்துவரும் நிகழ்ச்சியின் உறவுதான். அதில் எமன் வேடம் போட்டவர் கால்மணிக்கு ஒருமுறை வகுப்புக்குள் வந்து ஒரு மாணவரை அழைத்துப் போவார். அவர் முகத்தில் வெள்ளைச் சாயம் பூசித் திருப்பி அனுப்புவார்கள்; அன்று முழுக்க அவர் யாரோடும் பேசக் கூடாது. பள்ளி மைதானத்தில் நொறுங்கிய கார், போலி ரத்தம், தீயணைப்பு வண்டி, ஸ்ட்ரெச்சர் எல்லாம் வரும். இரவு மாணவர்கள் வேறிடத்தில் தங்கி, ‘நான் இன்று செத்துப்போனேன்’ என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதுவார்கள். மறுநாள் அரங்கில் அதை வாசிக்கும்போது அழாதவர் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த அழுகை மாதக்கணக்கில் நிலைத்துக் குடியைக் குறைத்தது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை.

இதைவிடப் பெரிய உதாரணம் டேர் திட்டம். லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறை 1983-ல் தொடங்கியது. சீருடை அணிந்த காவலர் வகுப்பில் நின்று போதைப் பொருள், மது, சிகரெட் பற்றிப் பாடம் நடத்துவார். நாட்டின் பள்ளி மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை அது எட்டியது. டி-ஷர்ட், பேனா, கார் ஸ்டிக்கர் எல்லாம் உண்டு. கென்டக்கி மாநிலத்தில் ஆறாம் வகுப்பில் அந்தப் பாடம் கேட்டவர்களையும் கேட்காதவர்களையும் பத்தாண்டு கழித்து, இருபது வயதில், ஆய்வாளர்கள் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். 1999-ல் வெளிவந்த முடிவு: குடியிலோ கஞ்சாவிலோ சிகரெட்டிலோ இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. பிறகு வந்த தொகுப்பாய்வுகளும் அதையே சொல்லின. திட்டம் மூடப்படவில்லை, பாடத்தை மாற்றிக்கொண்டு தொடர்கிறது. பெற்றோருக்குப் பிடித்திருந்தது, காவல்துறைக்குப் பிடித்திருந்தது, பள்ளிக்குச் செலவு அதிகம் இல்லை. பிள்ளைகளின் நடத்தை ஒன்றுதான் கணக்கில் வரவில்லை.

மாணவர் குடியைத் தடுப்பதில் அமெரிக்கா அரை நூற்றாண்டாகச் செய்து பார்க்காத சோதனை குறைவு. அதைவிட முக்கியம், செய்ததை அளந்தும் பார்த்திருக்கிறது. தோற்றதை எழுதியும் வைத்திருக்கிறது. அந்தப் பதிவுகளைத் தொடர்ந்து படித்தால் ஒரு விஷயம் மறுபடி மறுபடி கண்ணில் படும். எல்லா மாணவருக்கும் பொதுவாகச் சொன்ன புத்தி ஏறவில்லை. ஓரளவு பலித்தவை இரண்டு வகை. ஒன்று, மது கைக்கு எட்டும் வழியை மாற்றியவை. மற்றொன்று, ஒரே ஒரு மாணவரின் எதிரே உட்கார்ந்து அவருடைய சொந்தக் கணக்கை அவரிடமே காட்டியவை.

முதல் வகைக்கு வயது வரம்பே தலையாய சாட்சி. 1933-ல் மதுவிலக்கு நீங்கியபின் பெரும்பாலான மாநிலங்கள் 21 வயது என்று வைத்தன. 1971-ல் 26-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஓட்டுரிமை வயதை 18 ஆக்கியது. வியட்நாமுக்குத் துப்பாக்கி தூக்கிப் போகலாம், ஓட்டுப் போடலாம், பீர் மட்டும் குடிக்கக் கூடாதா என்ற கேள்விக்கு அப்போது யாரிடமும் பதில் இல்லை. 1970-க்கும் 1975-க்கும் இடையில் 29 மாநிலங்கள் குடிக்கும் வயதைக் குறைத்தன. பக்கத்து மாநிலம் குறைக்கவில்லை என்றால் அங்கிருந்து இளைஞர்கள் காரில் எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டு நள்ளிரவில் திரும்பினார்கள். அந்தச் சாலைகளுக்கு ‘ரத்த எல்லைகள்’ என்றே பெயர் வந்தது. மிச்சிகன் 1972-ல் வயதை 18 ஆக்கியது. விபத்துக் கணக்கைப் பார்த்துவிட்டு 1978-ல் மறுபடி 21-க்கே போனது.

1980-ல் கலிபோர்னியாவில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி, குடித்துவிட்டு ஓட்டியவரின் கார் மோதி இறந்தாள். அவளுடைய தாய் கேண்டி லைட்னர் தொடங்கிய ‘மேட்’ என்ற தாய்மார் அமைப்பு நாடு முழுக்கப் பரவியது. மாநில உரிமை பேசி முதலில் தயங்கிய ரொனால்ட் ரேகன், 1984 ஜூலை 17 அன்று தேசியக் குறைந்தபட்ச மது வயதுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டம் யாரையும் குடிக்காதே என்று நேரடியாகச் சொல்லவில்லை. 21 என்று வைக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி, முதலில் 5 சதவீதம், பிறகு 10, நிறுத்தப்படும் என்றது. 19 வயதினருக்கு மென்பீர் விற்க அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு, 1987-ல் உச்ச நீதிமன்றத்தில் 7-க்கு 2 என்று தோற்றது. கடைசியாக 1988-ல் வயோமிங் பணிந்தது. சாலை போடும் காசை வைத்து மாநிலங்களை மடக்கிய இந்தத் தந்திரம் கூட்டாட்சிக்கு நல்லதா என்று கேட்டால் நானும் தயங்குவேன். பலன் வேறு கணக்கு: ஆண்டுக்கு ஏறத்தாழ 900 உயிர்களை இந்த வரம்பு சாலையில் காப்பதாக அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டு வந்திருக்கிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975 முதல் ஆண்டுதோறும் பள்ளி மாணவரிடம் நடத்தும் கணக்கெடுப்பு இன்னொரு சாட்சி. கடந்த 30 நாளில் குடித்ததாகச் சொன்ன பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் 1980-ல் 72 சதவீதம். 2023-ல் 24 சதவீதம். முழுப் பெருமையும் சட்டத்துக்கு இல்லை. செல்பேசி வந்தபின் பிள்ளைகள் கூடிக் களிப்பதே குறைந்திருக்கிறது. பெற்றோர் கண்காணிப்பும் மாறியிருக்கிறது. ஆனாலும் ஒரு தலைமுறைக்கு முன் பள்ளி முடிப்பவரில் பெரும்பான்மையோர் செய்த ஒன்றை இன்று கால்வாசிப் பேரே செய்கிறார்கள் என்பது, பையன்கள் குடிக்கத்தான் செய்வார்கள், எதுவும் செய்ய முடியாது என்று கை விரிப்பவர்களுக்குப் போதுமான பதில்.

பள்ளியைத் தாண்டிக் கல்லூரி வாசலுக்கு வந்தால் கதை மாறுகிறது. ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்த ஹென்றி வெக்ஸ்லர் 1993-ல் 140 கல்லூரிகளில் பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரிடம் கேட்டார். 44 சதவீதம் பேர் முந்தைய இரு வாரத்தில் ஒரு முறையேனும் மிதமிஞ்சிக் குடித்திருந்தார்கள். எட்டாண்டு பிரசாரத்துக்குப் பின் 2001-ல் மீண்டும் கேட்டார், அதே 44. அந்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு எண். அடிக்கடி மிதமிஞ்சிக் குடிப்பவர் மாணவரில் ஐந்தில் ஒருவர்தான். ஆனால் மாணவர் உலகம் குடித்த மொத்த மதுவில் மூன்றில் இரண்டு பங்கு அவர்கள் வயிற்றுக்குள் போயிருந்தது. இன்னோர் ஐந்தில் ஒருவர் குடிப்பதே இல்லை. இத்தனை வேறுபட்ட கூட்டத்தை ஒரே அரங்கில் உட்கார வைத்து ஒரே உரையை நிகழ்த்தினால், குடிக்காதவருக்கு அது தேவையில்லை, குடிப்பவருக்கு அது கேட்பதில்லை.

‘மிதமிஞ்சி’ என்றால் எவ்வளவு? ஒரே அமர்வில் ஆணுக்கு 5, பெண்ணுக்கு 4 அளவு. அமெரிக்கக் கணக்கில் ஓர் அளவு என்பது 14 கிராம் தூய ஆல்கஹால்: சாதாரண பீர் ஒரு சிறு கேன், அல்லது 44 மில்லி விஸ்கி. தமிழ்நாட்டு வாசகருக்கு இதை நம்மூர்ப் பாட்டிலில் சொல்வதுதான் விளங்கும். 180 மில்லி குவார்ட்டர், 42.8 சதவீதம் என்று லேபிளில் இருக்கும். அதில் தூய ஆல்கஹால் 60 கிராம் சொச்சம், அதாவது நாலே கால் அளவு. இரண்டு பேர் கட்டிங் போட்டால் ஆளுக்கு இரண்டு சொச்சம். ஒருவரே முடித்தால் பெண்ணுக்கான கோட்டைத் தாண்டியாயிற்று, ஆணுக்கான கோட்டுக்குச் சற்றே கீழே. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு பெரிய பாட்டில் கிட்டத்தட்ட மூன்று அளவு. ஒரு குவார்ட்டர்தானே என்று நாம் சாதாரணமாகச் சொல்வதை, அமெரிக்கக் கல்லூரி மருத்துவர் ஆபத்துக் கோட்டின் விளிம்பு என்று குறித்துக்கொள்வார்.

கல்லீரல் மணிக்குச் சுமார் ஓர் அளவைத்தான் கரைக்கும். கறுப்புக் காபி, குளிர்ந்த நீர்க் குளியல், மோர் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. கடைசி மடக்குக்குப் பின்னும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். தூங்கட்டும், காலையில் சரியாகிவிடும் என்று நண்பர்கள் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் போன அறைகளில்தான் மாணவர் வாந்தியில் மூச்சடைத்துச் சாகிறார்கள். 1997-ல் எம்.ஐ.டி.யில் சேர்ந்து ஐந்து வாரமே ஆன 18 வயது மாணவர் ஒருவர், ஒரு மாணவர் சகோதர சங்கத்தின் வரவேற்பு இரவுக்குப் பின் இப்படித்தான் இறந்தார். 2000-இல் அந்த நிறுவனம் குடும்பத்தோடு 60 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2002 முதல் முதலாண்டு மாணவர் அனைவரும் வளாக விடுதியிலேயே தங்க வேண்டும் என்ற விதியும் வந்தது. முதல் ஆறு வாரம்தான் மிகவும் ஆபத்தானது என்று அந்நாட்டின் தேசிய மதுப் பழக்க ஆய்வு நிறுவனம் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. வீட்டை விட்டு வந்து, நண்பர் இன்னும் அமையாத, தேர்வு இன்னும் வராத ஆறு வாரம்.

இந்த இடத்தில் 21 வயதுச் சட்டத்தின் மறுபக்கமும் தெரிகிறது. 18 வயது மாணவர் கடையில் வாங்க முடியாது. அதனால் மூத்த மாணவரின் அறையிலோ சங்க வீட்டின் நிலவறையிலோ கதவைச் சாத்திக்கொண்டு, பார்ட்டிக்குப் போகும் முன்பே அவசரமாக ஊற்றிக்கொள்வது வழக்கமாயிற்று. யாராவது மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் பயம், மாட்டிக்கொள்வோமே என்று. மிடில்பரி கல்லூரியின் முன்னாள் தலைவர் ஜான் மெக்கார்டெல் 2008-ல் தொடங்கிய இயக்கத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் கையெழுத்திட்டு, வயது வரம்பைத் திறந்து விவாதிக்கச் சொன்னார்கள். சாலை மரணக் கணக்கின் முன் அந்த விவாதம் நிற்கவில்லை. மறைவுக் குடிக்குப் பயனுள்ள பதில் வேறிடத்திலிருந்து வந்தது. கார்னெல் பல்கலைக்கழகம் 2002-ல், உயிராபத்தில் உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைப்பவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் ஒழுங்கு நடவடிக்கை கிடையாது என்று விதித்தது. அழைப்புகள் கூடின. அதற்காகக் குடி கூடியதாகத் தெரியவில்லை. பின்னால் பல மாநிலங்கள் இதைச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டன.

சட்டம் ஒரு வயதைப் புனிதமாக்கிவிட்டால் அந்த நாளே திருவிழாவாகிவிடும் என்பதும் அனுபவம். 21-ஆம் பிறந்தநாளுக்கு 21 கோப்பை என்ற மூடச் சடங்கு பல வளாகங்களில் உண்டு. 1998-ல் மிச்சிகன் ஸ்டேட் மாணவர் ஒருவர் அந்த இரவில் 24 கோப்பை குடித்து இறந்தார். அவருடைய குடும்பத்தார், 21 வயதாகும் மாணவருக்கெல்லாம் எச்சரிக்கையோடு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பும் பணியைத் தொடங்கினார்கள்.

இனி இரண்டாம் வகை. 1986-ல் நியூயார்க் மாநிலத்துச் சிறிய கல்லூரி ஒன்றில் வெஸ்லி பெர்க்கின்ஸ், ஆலன் பெர்கோவிட்ஸ் என்ற இருவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்து எழுதினார்கள். நீ எவ்வளவு குடிக்கிறாய், உன் சகமாணவர் எவ்வளவு குடிப்பதாக நினைக்கிறாய் என்று கேட்டால், இரண்டாவது எண் எப்போதும் பெரிதாக இருந்தது. வெள்ளி இரவு அறையில் உட்கார்ந்து படித்தவரை யாரும் பார்ப்பதில்லை. மேசைமேல் ஏறி ஆடியவரை ஊரே பார்க்கிறது. இல்லாத கூட்டத்தோடு ஒத்துப்போக மாணவர் குடிக்கிறார்கள் என்றால், உண்மைக் கணக்கைச் சொன்னாலே போதுமே? வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹெய்ன்ஸ் அதைச் செய்தார். பார்ட்டியில் பெரும்பாலான மாணவர் ஐந்துக்கு மேல் குடிப்பதில்லை என்று சுவரொட்டி ஒட்டினார். அந்த வாக்கியத்தைச் சரியாகச் சொன்ன மாணவருக்கு டாலர் நோட்டு பரிசு. பத்தாண்டில் அங்கே மிதமிஞ்சிய குடி வெகுவாகக் குறைந்தது. யோசனை காட்டுத்தீயாய்ப் பரவியது. பீர் நிறுவனங்களே ஆர்வத்தோடு பணம் தந்தன. அந்த ஆர்வத்தைச் சந்தேகிக்க எனக்கு ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. 2003-ல் வெக்ஸ்லர், இந்த முறையைப் பின்பற்றிய 37 கல்லூரிகளையும் பின்பற்றாத 61 கல்லூரிகளையும் ஒப்பிட்டார், பலன் தெரியவில்லை. 18 கல்லூரிகளில் குலுக்கல் முறையில் நடந்த சோதனையோ 2006-ல் பலன் உண்டு என்றது. அதையே வேறு கல்லூரிகளில் திரும்பச் செய்தபோது பலன் காணாமல் போனது.

ஏன் இந்தக் குழப்பம்? அந்த இரு சோதனைகளின் தரவையும் சேர்த்து வைத்து வேறொரு குழு கல்லூரிகளைச் சுற்றியிருந்த மதுக்கடைகளை எண்ணியது. கடைகள் குறைவாக இருந்த இடத்தில் சுவரொட்டி வேலை செய்திருந்தது. கடைகள் நெருக்கமாக இருந்த இடத்தில் செய்யவில்லை. 2011-ல் வந்த இந்த ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பெரும்பாலோர் குடிப்பதில்லை என்று சுவரில் எழுதியிருக்கிறது. வெளியே தெரு முழுக்க எதிர்ச்சாட்சி விளக்குப் போட்டு நிற்கிறது. மாணவர் எதை நம்புவார்?

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியல் துறையில் ஆலன் மார்லட் என்பவர் ஓர் அறையை அச்சு அசலாக பாராக மாற்றி வைத்திருந்தார். மங்கிய விளக்கு, உயர்ந்த ஸ்டூல், பாட்டில் வரிசை எல்லாம் இருக்கும். சுவர்க்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆய்வாளர்கள். மாணவர்களுக்கு வோட்கா கலந்த டானிக் என்று சொல்லி வெறும் டானிக்கைக் கொடுப்பார்கள். சிறிது நேரத்தில் குரல் உயரும், சிரிப்பு பெருகும், கூச்சம் விலகும். உண்மையில் மது குடித்தும் டானிக் என்று நம்பியவர்கள் அந்த அளவு கலகலப்பு காட்டவில்லை. குடி தருவதாக நினைக்கும் தைரியத்திலும் கொண்டாட்டத்திலும் பெரும்பங்கு எதிர்பார்ப்புதான் என்று அங்கேயே நேருக்கு நேர் காட்டிவிடலாம். தென் புளோரிடா பல்கலைக்கழகத்தில் 1993-ல் வெளிவந்த ஆய்வில், இப்படி ஒருமுறை ஏமாந்து பார்த்த ஆண் மாணவர்கள், வழக்கமான விழிப்புணர்வுப் பாடம் கேட்டவர்களைவிடக் குடியைக் குறைத்துக்கொண்டார்கள். பாடத்தில் சொல்லப்பட்டதும் உண்மைதான். ஆனால் அது பொதுவான உண்மை; அறையில் நடந்ததோ அவர்களுக்கே நடந்தது.

மார்லட் குழு இதிலிருந்து செய்துகாட்டிய முறையே பேசிக்ஸ். மாணவர் ஒரு படிவம் நிரப்புவார்: எந்தக் கிழமை எவ்வளவு, எத்தனை மணி நேரத்தில், என்ன செலவு, வீட்டில் குடிநோயாளி உண்டா, மறுநாள் என்ன தவறவிட்டாய். பிறகு பயிற்சி பெற்ற ஒருவர் எதிரே உட்கார்ந்து ஒரு தாளை நீட்டுவார். உன் வயதுப் பெண்களில் நூற்றுக்கு இத்தனை பேர் உன்னைவிடக் குறைவாகக் குடிக்கிறார்கள்; சனி இரவு உன் ரத்தத்தில் ஏறிய அளவு இது; மாதச் செலவு இது. கண்டிப்பது இல்லை, சத்தியம் வாங்குவது இல்லை. இதைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். சேருமுன்பே அதிகம் குடிப்பவர் என்று இனங்காணப்பட்ட 348 முதலாண்டு மாணவரைப் பிரித்து நடத்திய சோதனை 1998-ல் வெளிவந்தது. பெரும்பாலோருக்கு ஒரே ஓர் அமர்வுதான். இரண்டாண்டு கழித்தும் குடியால் வந்த சேதங்கள், அமர்வு கிடைக்காதவர்களைவிட இவர்களிடம் குறைவாக இருந்தன.

இதையும் மருந்துச்சீட்டாக நினைத்துவிடக் கூடாது. பல சோதனைகளின் மாணவர்வாரித் தரவை ஒன்றாகக் கொட்டி 2015-ல் அலசியபோது, பலன் நாம் நினைத்த அளவு இல்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். இணையப் பாடமாகச் சுருக்கிய வடிவங்களும் அப்படியே: 30 வளாகங்களில் நடந்த சோதனையில் முதல் பருவத்தில் தெரிந்த குறைவு அடுத்த பருவத்தில் மறைந்தது. குடிநோய்க்குள் ஏற்கெனவே விழுந்துவிட்ட மாணவருக்கு இந்த உரையாடல் போதாது. அவர்களுக்கு ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1988-ல் தொடங்கியதைப் போன்ற மீட்பு விடுதி வேண்டும். குடியை விட்டவர்கள் ஒன்றாகத் தங்கிப் படிக்கும் இடம்.

முதல் வகைக்குத் திரும்பினால், சுற்றுப்புறத்தைப் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மிசௌரி பல்கலைக்கழகத்தின் 2007-ஆம் ஆண்டு ஆய்வு. அது மாணவரின் மனப்பான்மையைக் கேட்கவில்லை. வகுப்பு அட்டவணையைப் பார்த்தது. வெள்ளிக்கிழமை வகுப்பே இல்லாத மாணவர், அன்று அதிகாலை வகுப்பு இருந்தவரைவிட வியாழன் இரவில் ஏறத்தாழ இரு மடங்கு குடித்தார்கள். நீண்ட வார இறுதி வேண்டும் என்று பேராசிரியர்களும் மாணவரும் சேர்ந்து வெள்ளியைக் காலியாக்கிக்கொண்டதன் விலை அது. காலை எட்டரை மணி வகுப்புக்கு எந்தச் சொற்பொழிவும் இணையில்லை என்று சொன்னால் மாணவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

கலிபோர்னியாவின் 14 அரசுப் பல்கலைக்கழக வளாகங்களில் 2003 முதல் 2006 வரை நடந்த சோதனையும் இதே திசைதான். ஏழு வளாகங்களில், இலையுதிர்ப் பருவத்தின் தொடக்க வாரங்களில், வெளி வீடுகளில் நடக்கும் பெரும் பார்ட்டிகளின் மேல் காவல்துறை கண் வைத்தது. வயது குறைந்தவருக்கு விற்கும் கடைகளைச் சோதித்தது. இப்படிச் செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே ஊரறியச் சொல்லவும் செய்தது. பார்ட்டிகளில் போதை தலைக்கேறும் அளவு குடிப்பது குறைந்தது. அந்தக் குடி வேறிடத்துக்கு நகர்ந்ததாகவும் தெரியவில்லை. கடைச் சோதனை எளிது: இளம் வயதுடைய ஒருவரை வாங்க அனுப்பி, அடையாள அட்டை கேட்கிறார்களா என்று பார்ப்பது. தமிழ்நாட்டிலும் சட்டப்படி வயது 21 தான். ஆனால் இங்கே 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. அந்தச் சோதனையை நடத்த வேண்டிய அரசே கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

பொருளையே கடையிலிருந்து எடுத்துவிட்டதற்கும் உதாரணம் உண்டு. 2010 அக்டோபரில் மத்திய வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் ஒன்பது பேர் ஒரு பார்ட்டிக்குப் பின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். யாரோ மயக்கப் பொடி கலந்திருப்பார்கள் என்று முதலில் போலீஸ் சந்தேகித்தது. கலந்தது நிறுவனமே: ஃபோர் லோக்கோ என்ற வண்ணக் கேன், பழ வாசனை, காஃபின், 12 சதவீத ஆல்கஹால். ஒரு கேனில் நாலரைக்கு மேற்பட்ட அளவு; நம் குவார்ட்டரை விடச் சற்று அதிகம், குடிக்க சோடாவைப் போல. காஃபின் தூக்கத்தைத் தள்ளிப்போடுவதால் போதை ஏறியதே தெரியாமல் இன்னொன்றைத் திறப்பார்கள். அடுத்த மாதமே உணவு மருந்து நிர்வாகம் நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது, காஃபின் வெளியேறியது. இதற்கு எந்த மாணவரின் மனத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றிலும் சான்று பலமாக இருப்பது விலையில். 112 ஆய்வுகளைத் தொகுத்து 2009-ல் வந்த ஆய்வு, மதுவின் விலை ஏறினால் குடி குறைவதை, அதிகம் குடிப்பவரிடத்திலும், உறுதிப்படுத்தியது. கைச்செலவுக் காசில் குடிக்கும் மாணவரிடம் விலைக்குக் கூடுதல் பிடி இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அமெரிக்க மத்திய அரசு பீர் மீதான வரியைக் கடைசியாக உயர்த்தியது 1991-ல், பீப்பாய்க்கு 9 டாலரிலிருந்து 18 டாலராக. ஒரு கேனுக்கு ஐந்து செண்ட் சொச்சம். விலைவாசி ஏற ஏற அந்த ஐந்து செண்ட்டின் மதிப்பு தேய்ந்துகொண்டே வந்தது. 2017-ன் வரிச் சட்டம் அதையும் குறைத்தது: பெரிய நிறுவனங்களுக்கு முதல் 60 லட்சம் பீப்பாய் வரை 16 டாலர், சிறிய நிறுவனங்களுக்கு முதல் 60,000 பீப்பாய்க்கு மூன்றரை டாலர். இரண்டாண்டுச் சலுகை என்று தொடங்கியதை 2020 டிசம்பரில் நிரந்தரமாக்கிவிட்டார்கள்.